இதயத்துக்கும் ரத்தம் வேண்டும்



சென்ற மாதம் நம் மஹல்லாவில் ஐம்பது வயதைக் கடந்த சகோதரர் ஒருவர் மவுத்தானார். இரவுச் சாப்பாட்டுக்குப் பின், நெஞ்சில் பாரம் வைத்தது போல இருக்கிறது என்றாராம். வாயு என்று நினைத்து வீட்டார் சோடாவும் சுக்குக் கஷாயமும் கொடுத்திருக்கிறார்கள். சுபுஹு நேரத்தில் மருத்துவமனைக்குக் கொண்டுபோனபோது காலம் கடந்துவிட்டது. ஆறுதல் சொல்லப் போன எங்களிடம் அவருடைய மகன் கேட்டார்: "இதயத்துக்கு ரத்தம் போகலைன்னு டாக்டர் சொன்னார் மாமா. இதயத்துக்குள்ளேதானே எப்பவும் ரத்தம் இருக்குது?"

அன்று எங்களால் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. நம் அறக்கட்டளையின் மருத்துவ முகாமுக்கு வரும் டாக்டரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதை, எல்லாக் குடும்பங்களுக்கும் பயன்படட்டும் என்று இங்கே எழுதுகிறோம்.

இதயம் நம் கை முஷ்டி அளவுள்ள ஒரு தசை. அதில் நான்கு அறைகள். உடலைச் சுற்றி வந்த ரத்தம் வலப்பக்க அறைகளில் சேர்ந்து நுரையீரலுக்குப் போகிறது. அங்கே பிராணவாயுவை ஏற்றிக்கொண்டு இடப்பக்க அறைகளுக்குத் திரும்புகிறது. அங்கிருந்து பெருந்தமனி வழியாக உடலெங்கும் பாய்கிறது. நாம் சும்மா உட்கார்ந்திருக்கும்போதே இதயம் நிமிடத்துக்குச் சுமார் 70 முறை துடித்து, ஏறக்குறைய 5 லிட்டர் ரத்தத்தைத் தள்ளுகிறது. ஒரு நாளில் அது ஒரு லட்சம் துடிப்பு.

தமனிகள் கிளை கிளையாகப் பிரிந்து, கடைசியில் முடியை விட மெல்லிய தந்துகிகள் ஆகின்றன. பிராணவாயுவும் சத்தும் திசுக்களுக்குக் கைமாறுவது இந்தத் தந்துகிகளில்தான். பிறகு சிரைகள் வழியாக ரத்தம் இதயத்துக்குத் திரும்புகிறது.

இனி அந்த மகனின் கேள்விக்கு வருவோம். வலீமாவுக்கு ஊருக்கே பிரியாணி ஆக்கும் பண்டாரி, தேக்சா நிறையச் சோற்றைக் கிளறினாலும் அவர் பசி அதனால் தீராது. அவருக்கென்று தனியாக ஒரு தட்டு வைக்க வேண்டும். இதயமும் அப்படித்தான். அதன் சுவர் தடிமனானது. உள்ளே நிற்கும் ரத்தம் அதில் ஊறி இறங்காது. பெருந்தமனியின் அடியிலிருந்து பிரியும் இரண்டு இதயத் தமனிகள்தான் அந்தத் தசைக்கு ரத்தம் கொடுக்கின்றன. டமாஸ்கஸில் பிறந்து கெய்ரோவில் மருத்துவம் செய்த அறிஞர் இப்னு அந்நஃபீஸ், வலப்பக்க ரத்தம் நுரையீரல் வழியாகவே இடப்பக்கம் போகிறது என்பதை 1242இல் எழுதினார். இதயத்துக்கு உணவு கொடுப்பது அதன் தசையில் ஓடும் நாளங்களே என்றும் அவர் சொன்னார்.

அந்தத் தமனிகள் சில மில்லிமீட்டர் அகலமே உள்ளவை. பீடி, சிகரெட், ரத்த அழுத்தம், சர்க்கரை, கெட்ட கொழுப்பு ஆகியவற்றால் அவற்றின் உட்சுவரில் கொழுப்பு படிகிறது. ஒரு நாள் அந்தப் படிவு வெடித்தால், அதன்மேல் ரத்தம் உறைந்து பாதையை அடைத்துவிடும். அதுவே மாரடைப்பு. ரத்தம் கிடைக்காத தசை சுமார் அரை மணி நேரத்திலேயே மடியத் தொடங்கும். மடிந்த தசை மீண்டும் வளராது. அடைப்பை எவ்வளவு சீக்கிரம் திறக்கிறார்களோ, அவ்வளவு தசை தப்பிக்கும்.

ஆகவே நெஞ்சில் இறுக்கம், இடது கை, தாடை, முதுகுக்குப் பரவும் வலி, குளிர்ந்த வியர்வை, மூச்சுத்திணறல் இவற்றில் எது வந்தாலும் வாயு என்று வீட்டிலேயே முடிவு கட்டாதீர்கள். சர்க்கரை நோயாளிகளுக்கும் பெண்களுக்கும் சில நேரம் வலியே இராது. திடீர்ச் சோர்வும் குமட்டலும் மட்டும் இருக்கும். உடனே 108ஐ அழையுங்கள். நோயாளியை நடக்கவோ மாடிப்படி இறங்கவோ விடாதீர்கள், பைக்கில் ஏற்றாதீர்கள். வாயுவாகவே இருந்தாலும் நஷ்டமில்லை. ஓர் இ.சி.ஜி. எடுத்துப் பார்த்த நிம்மதியோடு வீடு திரும்பலாம்.

தமிழக அரசின் 'இதயம் காப்போம்' திட்டத்தில், 2023 முதல் ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே மாரடைப்புக்கான முதல் மாத்திரைகளைக் கொடுக்கிறார்கள். முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை இல்லாத குடும்பங்கள் நம் அலுவலகத்துக்கு வாருங்கள். விண்ணப்பிக்க நாங்கள் உதவுகிறோம். செலவுக்குப் பயந்து யாரும் இரவைக் கடத்த வேண்டாம்.

மறைந்த சகோதரரின் பிழைகளை அல்லாஹ் பொறுத்தருள்வானாக. கேள்வி கேட்ட அந்தப் பிள்ளைக்கு நாங்கள் சொல்ல வேண்டிய பதில் இதுதான். இதை வீட்டில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டுங்கள்.