உயிர் மரத்தில் பட்ட கிளை

ஜப்பானியர் தொட்டியில் வளர்க்கும் குறுமரத்தைப் ‘போன்சாய்’ என்பர். ஜூனிப்பர் வகைப் போன்சாய் சிலவற்றில், பச்சை இலைகளுக்கிடையே பட்டுப்போன கிளையொன்று வெள்ளெலும்புபோல் நீண்டிருக்கும். மலையுச்சியில் இடியும் பனியும் தாக்கிய முதுமரத்தின் தோற்றம் அது. அக்கிளையை ‘ஜின்’ என்றும், பட்டை உரிந்த அடிமரத்தை ‘ஷாரி’ என்றும் அழைப்பர். பெரும்பாலும் இவை மனிதனின் கைவேலையே.

பட்டையை உரித்தால் மரம் சாகாதோ? பால்மரம் சீவிப் பழகிய பெரியோரைக் கேளுங்கள். பட்டையின் அருமை அவர்கள் அறிவர். வேர் உறிஞ்சும் நீர் கட்டையின் வழியே மேலேறுகிறது; இலை சமைக்கும் உணவோ பட்டையின் உட்புறமாகக் கீழிறங்குகிறது. அடிமரத்தைச் சுற்றிலும் உரித்துவிட்டால் வேர் பட்டினியால் மடியும். பின்னர் மரமும் மடியும். ஆதலால் இலையுள்ள கிளையிலிருந்து வேர்வரை பட்டை அறுபடாமல் தொடர்ந்திருத்தல் வேண்டும். முதலில் கோடிட்டுக்கொண்டு, குறுகலாக உரித்து, மரம் தேறிய பின்னரே அகலப்படுத்துவர். ஜின்னுக்கோ, வெட்டியெறிய நினைத்த கிளையே போதும்.

நம் நாட்டு மழையில் மென்மரக் கட்டை விரைவில் மட்கிவிடும். அதனைத் தடுக்க, சுண்ணாம்பும் கந்தகமும் சேர்த்துக் காய்ச்சிய நீரைப் பூசுவர், கட்டையும் வெளுக்கும். அந்நீர் கண்ணையும் தோலையும் அரிக்கும். அமிலம் கலந்தால் நச்சுவாயு எழும். ஆகவே கத்தி வேலையையும் பூச்சு வேலையையும் பெரியோரே, கையுறையணிந்து, திறந்த வெளியில் செய்க. மாணவர்கள் எட்ட நின்று பார்க்கலாம்.