பாட்டைத் தாளில் எழுதும் மென்பொருள்: இசையாசிரியர்களுக்கு எந்தப் பயிற்சி உதவும்?

திங்கட்கிழமை காலை சபைகூடலில் நெகாராகூ, மாநிலப் பண், அடுத்துப் பள்ளிப் பண். நாட்டுப் பண்ணுக்கு முறையான இசைத்தாள் உண்டு. பள்ளிப் பண்ணுக்கு என்ன இருக்கிறது என்று தேடினால், பல தமிழ்ப்பள்ளிகளில் மண்டபச் சுவரில் மாட்டிய சொற்கள் மட்டுமே கிடைக்கும். மெட்டு எங்கும் எழுதப்பட்டிருக்காது. அதை அமைத்த ஆசிரியர் பணி ஓய்வு பெற்றிருப்பார், அல்லது வேறு மாநிலத்துக்கு மாற்றலாகிப் போயிருப்பார். மாணவர்கள் அண்ணன் அக்காமார் பாடியதைக் கேட்டுப் பாடுகிறார்கள். பத்து ஆண்டில் சரணத்தின் இரண்டாவது அடி வேறொன்றாகிவிடுகிறது.

தோட்டங்கள் விற்கப்பட்டு மக்கள் இடம்பெயர்ந்தபோது பள்ளிகளும் சில பட்டணத்துக்கு மாற்றப்பட்டன. பெயர்ப்பலகையும் வருகைப் பதிவேடுகளும் லாரியில் ஏறி வந்தன. பாட்டு வந்ததா இல்லையா என்பது யாருக்கு நினைவிருந்தது என்பதைப் பொறுத்தது.

இசைக்குறிப்பு மென்பொருளைப் பற்றிப் பேச வேண்டியிருப்பது இதனால்தான். கணினி வந்துவிட்டது, நாமும் பழகுவோம் என்பது அவ்வளவு வலுவான காரணமில்லை. ஆசிரியரின் தலைக்குள் மட்டும் இருக்கும் மெட்டை அடுத்த ஆசிரியர் எடுத்துப் பாடக்கூடிய வடிவில் வைப்பதற்கு இன்று கிடைக்கும் மலிவான வழி அது.

முதலில் ஒரு வேறுபாடு. கணினி இசை என்ற ஒரே பெயரில் இரண்டு வகை மென்பொருள்கள் புழங்குகின்றன. ஒன்று, ஐந்து கோடுகளில் சுரங்களை எழுதி, சொற்களை அதன்கீழ் இட்டு, அச்சடித்துக் கொடுக்க உதவுவது. மியூஸ்ஸ்கோர், சிபேலியஸ், டோரிகோ ஆகியவை இவ்வகை. மற்றொன்று, குரலையும் வாத்தியத்தையும் தனித்தனித் தடங்களாகப் பதிந்து, கலந்து, ஒரு பாட்டாக்கித் தருவது. கராஜ்பேண்ட், சிங்கப்பூரைத் தளமாகக் கொண்ட பேண்ட்லேப் ஆகியவை இவ்வகை. முதலாவது எழுதுகோல் என்றால் இரண்டாவது ஒலிப்பதிவுக்கூடம். ஒரு நாள் பட்டறையில் இரண்டையும் காட்டிவிட முயல்வதால்தான் ஆசிரியர்கள் பலர் இரண்டையும் கற்காமல் வீடு திரும்புகிறார்கள்.

மியூஸ்ஸ்கோர் இலவசம். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். இப்போது மியூஸ்ஸ்கோர் ஸ்டூடியோ என்ற பெயரில் வருகிறது. கிட்டத்தட்ட அதே பெயரில் இசைத்தாள்களைப் பகிரும் இணையத்தளம் ஒன்றும் உண்டு, அதில் கட்டணச் சந்தா இருக்கிறது. இரண்டையும் ஒன்றென எண்ணிப் பற்று அட்டை எண்ணைக் கொடுக்க வேண்டியதில்லை. மென்பொருளைப் பயன்படுத்த ஒரு சென்னும் தேவையில்லை. பள்ளிக் கணினி பழையதாக இருந்தால், கூடுதல் வாத்திய ஒலிகள் அடங்கிய பெரிய கோப்புகளை இறக்காமல் அடிப்படை ஒலியோடு நிறுத்திக்கொள்வது நல்லது. குரோம்புக் மட்டுமே உள்ள பள்ளிகளில் இதை நேரடியாக நிறுவ முடியாது. அங்கே உலாவியிலேயே இயங்கும் ஃப்ளாட், நோட்ஃப்ளைட் போன்றவை பொருந்தும்.

தமிழ்ப்பள்ளிகளில் இசை கற்பிப்பவர்கள் எல்லாரும் ஒரே வழியில் வந்தவர்கள் அல்லர். ஆசிரியர் பயிற்சிக் கழகத்தில் இசையைப் பயின்றவர்கள் ஒரு சாரார். அவர்களுக்கு ஐந்துகோட்டுக் குறிப்பு தெரியும், ரெக்கார்டர் தெரியும். கோயில் வகுப்பிலோ வீட்டிலோ கர்நாடக இசை கற்றவர்கள் இன்னொரு சாரார். அவர்களுக்குச் சரளி வரிசை தண்ணீர்பட்ட பாடு, ஆனால் ஐந்து கோட்டைப் பார்த்தால் தயக்கம். கணிதமோ அறிவியலோ படித்துவிட்டு, கால அட்டவணையில் இசையும் வந்து விழுந்ததால் கற்பிப்பவர்களும் உண்டு. மூவரையும் ஒரே அறையில் உட்காரவைத்து, ஒரே வேகத்தில், ஒரே பட்டியலைத் திரையில் காட்டினால் யாருக்கும் உதவாது.

நடுவில் உள்ள கர்நாடக இசை ஆசிரியரை எடுத்துக்கொள்வோம். அவருக்கு இந்த மென்பொருள் அந்நியமானது என்று பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் அவருக்குத் தெரிந்ததிலிருந்தே தொடங்கலாம். சரளி வரிசையை முதல் காலத்தில் பாடும்போது தாளத்தின் ஓர் எண்ணிக்கைக்கு ஒரு சுரம். இரண்டாம் காலத்தில் இரண்டு, மூன்றாம் காலத்தில் நான்கு. மென்பொருளில் 5 என்ற எண்ணை அழுத்தினால் ஓர் எண்ணிக்கைச் சுரம் வரும். 4 அழுத்தினால் அதில் பாதி, 3 அழுத்தினால் கால். மூன்று காலமும் மூன்று விசையாகிவிடுகிறது. ஆதி தாளத்தின் எட்டு எண்ணிக்கையை நான்கு நான்காக இரண்டு கட்டங்களில் எழுதலாம். கண்டசாபுக்கு ஐந்து, மிஸ்ரசாபுக்கு ஏழு என்று கட்ட அளவை மாற்றிக்கொள்ளலாம்; மென்பொருள் மறுக்காது.

சுரத்துக்கு வருவோம். சட்ஜமத்தை சி என்று வைத்துக்கொண்டால், அதுவே நம்மவர் சொல்லும் ஒரு கட்டை. ஜி என்பது ஐந்து கட்டை. மாயாமாளவகௌளையின் ரிஷபமும் தைவதமும் கோமளம் என்பதால் அவை இரண்டுக்கும் இறக்கக் குறி இட வேண்டும். மேலை இசையில் வழக்கமாக உள்ள சுருதிக் குறிகளில் இப்படியொரு சேர்க்கை கிடையாது. ஒவ்வொரு முறையும் கையால் இறக்கக் குறி போடலாம், அல்லது மென்பொருளிலேயே இந்த ராகத்துக்கெனத் தனிக் குறியை ஒருமுறை உருவாக்கிச் சேமித்துக்கொள்ளலாம். அந்த ஒரு கோப்பு ஆண்டு முழுவதும் உதவும். பன்னிரண்டு சுரஸ்தானங்களுக்குப் பதினாறு பெயர்கள் இருப்பதை அறிந்தவர்களுக்கு, ஒரே கட்டைக்கு இரண்டு எழுத்துமுறை இருப்பது புதிராகவே இருக்காது. மேலை இசை மட்டும் படித்தவர்கள்தான் இந்த இடத்தில் சற்றுத் திணறுவார்கள்.

பயிற்சியில் கட்டாயம் சொல்லித்தர வேண்டிய ஓர் உத்தி உண்டு. மென்பொருளில் சுரங்களின் கீழே பாடல்வரி எழுதும் இடத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட வரிசைகளை வைக்கலாம். முதல் வரிசையில் ச ரி க ம என்று சுர எழுத்துகளையும், இரண்டாம் வரிசையில் பாட்டின் சொற்களையும் இட்டால், ஒரே தாளை இருவகை ஆசிரியரும் படிக்கலாம். ஐந்து கோடு தெரிந்தவர் மேலே பார்ப்பார், சுரம் தெரிந்தவர் கீழே பார்ப்பார். நாளடைவில் இவருக்கு அதுவும் அவருக்கு இதுவும் பழகிவிடும்.

சொற்களை இடுவதில்தான் தமிழுக்கே உரிய சிக்கல் வருகிறது. சுரத்துக்கு ஓர் அசைவாகச் சொல்லைப் பிரித்து எழுத வேண்டும். புதியவர்கள் எழுத்தெழுத்தாகப் பிரித்துவிடுகிறார்கள். தமிழ்ப்பள்ளி என்ற சொல்லில் ஏழு எழுத்துகள் உள்ளன, பாடும்போதோ நான்கே அசைவுகள்: த, மிழ்ப், பள், ளி. மெய்யெழுத்து தனித்து நிற்காது, முன்னால் உள்ள எழுத்தோடு ஒட்டிக்கொள்ளும். இதை மறந்து ழ், ப், ள் ஆகியவற்றுக்குத் தனித்தனிச் சுரம் கொடுத்தால் நான்கு சுரத்தில் முடிய வேண்டிய சொல் ஏழு சுரத்துக்கு நீண்டு, பின்னால் வரும் வரிகள் எல்லாம் இடம்பெயரும். ஆங்கிலத்தில் எழுதப்பட்ட எந்தக் கையேட்டிலும் இது இருக்காது. நம் பயிற்றுநர்கள்தான் சொல்ல வேண்டும். எழுத்துருவையும் முதலிலேயே ஒரு தமிழ் ஒருங்குறி எழுத்துருவாக மாற்றிவிட வேண்டும். இல்லையென்றால் ஒரு கணினியில் சரியாகத் தெரிந்தது இன்னொன்றில் கட்டங்களாகத் தெரியக்கூடும்.

கர்நாடக இசையை ஐந்து கோட்டில் அடைக்கலாமா என்ற கேள்வி பழையது. சென்னையில் சின்னசாமி முதலியார் 1893இல் நம் இசையை ஐரோப்பியக் குறிப்பில் எழுதி வெளியிடத் தொடங்கினார். சுப்பராம தீட்சிதர் 1904இல் எட்டயபுரத்தில் அச்சான தம் பெருநூலில், சுர எழுத்துகளோடு கமகங்களுக்கெனத் தனிக் குறிகளைச் சேர்த்தார். இருவரும் மோதிக்கொண்ட சுவர் ஒன்றுதான்: சுரத்தை எழுதிவிடலாம், சுரத்துக்கும் சுரத்துக்கும் இடையே குரல் போகும் பாதையை எழுதுவது கடினம். மென்பொருள் அந்தச் சுவரை உடைத்துவிடவில்லை. தோடியைத் தட்டச்சு செய்து ஒலிக்கவிட்டால் பியானோவில் தட்டிய தோடிதான் கேட்கும். தாலாட்டின் இழுவையும் ஒப்பாரியின் நடுக்கமும் அப்படித்தான்.

அதனால் எதற்கு இதைப் பயன்படுத்துவது, எதற்குக் கூடாது என்பதையும் பயிற்சி சொல்லித்தர வேண்டும். பள்ளிப் பண், விளையாட்டுப் பாடல், குழுப்பாடல், கும்மி, ரெக்கார்டர் பாடம் ஆகியவற்றுக்கு இது மிகப் பொருத்தம். ராக ஆலாபனைக்கு வாய்தான் பாடப்புத்தகம். தோட்டத்துப் பாட்டி ஒருவரின் தாலாட்டைச் சேகரிப்பவர் முதலில் கைப்பேசியில் ஒலியைப் பதிய வேண்டும். தாளில் எழுதுவது அதற்குத் துணை மட்டுமே.

வகுப்பறையில் உடனே பலன் தெரியும் இடம் சுருதி மாற்றம். ஆண் ஆசிரியர் ஒருவர் தம் குரலுக்கேற்ப அமைத்த பாட்டை இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகள் பாடும்போது தாழ்வான இடங்களில் சத்தமே வராது, அல்லது ஒரு ஸ்தாயி மேலே போய்க் கத்துவார்கள். இதைப் பிள்ளைகளின் குறை என்று எண்ணித் திட்டுபவர்களும் உண்டு. மென்பொருளில் முழுப் பாட்டையும் தேர்ந்தெடுத்து இரண்டு கட்டை ஏற்ற ஒரே கட்டளை போதும். படிநிலை இரண்டில் ரெக்கார்டர் கற்பிப்பவருக்கும் அப்படியே. தொடக்கத்தில் பழகும் பி, ஏ, ஜி என்ற மூன்று சுரங்களைச் சுற்றி வரும்படி ஒரு சிறு மெட்டை இடம் மாற்றினால், பிள்ளைகள் விரல் தேடாமல் வாசிப்பார்கள்.

மாணவர்களே மெட்டமைப்பதற்கு ஐந்து கோடு தேவையில்லை. கூகுளின் குரோம் மியூசிக் லேப் தளத்தில் சாங் மேக்கர் என்ற இலவசக் கருவி உள்ளது. கட்டங்களைத் தொட்டால் சுரம் ஒலிக்கும். அதன் அமைப்பில் ஐந்து சுர அளவுகோலைத் தேர்ந்தெடுத்தால் கிடைப்பது ச ரி க ப த, நம் மோகனம். எந்தக் கட்டத்தைத் தொட்டாலும் கரகரப்பு வராது என்பதால் கூச்சப்படும் பிள்ளைகூட முயன்று பார்க்கும். வாரத்தில் அரை மணி நேரமே கிடைக்கும் பாடத்தில் இவ்வளவு எளிமையான கருவிதான் பயன்படும்.

பயிற்சி எப்படி நடக்க வேண்டும்? ஆசிரியர் கல்வியில் மிஸ்ராவும் கோஹ்லரும் 2006இல் முன்வைத்த ஒரு கருத்து பரவலாக எடுத்தாளப்படுகிறது: தொழில்நுட்ப அறிவு, பாட அறிவு, கற்பிக்கும் அறிவு மூன்றும் சேரும் இடத்தில்தான் கணினி வகுப்பறைக்குள் வரும். எளிமையாகச் சொன்னால், பொத்தான்களைக் கற்றவருக்கு அவற்றை மூன்றாம் ஆண்டு வகுப்பில் எதற்கு அழுத்துவது என்றும் தெரிய வேண்டும். எனவே பட்டறைக்கு வரும் ஒவ்வோர் ஆசிரியரும் தம் பள்ளிப் பண்ணையே கொண்டு வரட்டும். முதல் நாளில் எட்டே கட்டங்களை உள்ளிட்டு ஒலிக்கவிட்டுக் கேட்டால் போதும். தவறான சுரம் காதிலேயே பிடிபடும், திருத்துவதுதான் கற்றல். மீதியை வீட்டில் முடித்து, இரண்டு வாரம் கழித்துக் கொண்டுவர வேண்டும். அந்த இரண்டாவது சந்திப்பு இல்லாத பட்டறைக்குச் செலவழிக்கும் பணம் சாப்பாட்டோடு போய்விடும். இடையில் சந்தேகம் கேட்க ஒரு புலனக் குழுவும், அதில் பதில் சொல்ல ஓர் ஆளும் வேண்டும். மென்பொருளை முன்கூட்டியே நிறுவி வைப்பதும் சின்ன வேலையல்ல. பள்ளிக் கணினியின் கடவுச்சொல் யாரிடம் இருக்கிறது என்று தேடுவதிலேயே பாதிக் காலை போவதுண்டு.

சிங்கப்பூரில் கலை, இசை ஆசிரியர்களின் தொடர்பயிற்சிக்காகவே ஸ்டார் என்ற கழகம் 2011இல் தொடங்கப்பட்டது. மலேசியத் தமிழ்ப்பள்ளிகள் 500க்கும் மேல் நாடெங்கும் சிதறிக் கிடக்கின்றன. சில பள்ளிகளில் ஒற்றை இலக்கத்திலேயே ஆசிரியர்கள். இங்கே மாவட்ட அளவில் நான்கைந்து பள்ளிகள் சேர்ந்து, மென்பொருள் தெரிந்த ஓர் ஆசிரியரைச் சுற்றிக் கூடுவதே நடைமுறைக்கு ஒத்துவரும். பெற்றோர் ஆசிரியர் சங்கம் ஏதாவது வாங்கித்தர விரும்பினால், கணினியில் செருகும் சிறிய பியானோ விசைப்பலகை ஒன்று உதவும். வாசித்தால் சுரம் திரையில் ஏறும்.

கோப்பைச் சேமிக்கும் வழக்கத்தையும் பயிற்சியிலேயே ஊன்ற வேண்டும். ஃபினாலே என்ற புகழ்பெற்ற இசைக்குறிப்பு மென்பொருள் 1988இல் வெளிவந்தது. 2024 ஆகஸ்டில் அதன் நிறுவனம் மேம்பாட்டை நிறுத்துவதாக அறிவித்தது. 35 ஆண்டுக்கு மேல் அதிலேயே எழுதி வந்தவர்கள் எல்லாக் கோப்புகளையும் வேறு வடிவத்துக்கு மாற்ற ஓடினார்கள். மியூசிக்எக்ஸ்எம்எல் என்ற பொது வடிவத்தில் ஒரு படி வைத்திருந்தவர்களுக்குக் கவலை குறைவு, அதைப் பெரும்பாலான மென்பொருள்கள் திறக்கும். ஆகவே ஒவ்வொரு பாட்டும் மூன்று வடிவில் இருக்கட்டும்: அச்சிடப் பிடிஎஃப், திருத்த மியூசிக்எக்ஸ்எம்எல், கேட்க ஓர் ஒலிக்கோப்பு. ஆசிரியரின் சொந்தக் கணக்கில் வைத்தால் அவர் மாற்றலாகும் நாளில் பாட்டும் மாற்றலாகும். பள்ளியின் பொதுச் சேமிப்பில் வைத்து, ஒரு படியை அச்சடித்து அலுவலகக் கோப்பிலும் போட வேண்டும்.

எழுதி முடித்ததும், பாட்டை அமைத்த ஓய்வுபெற்ற ஆசிரியர் உயிரோடு இருந்தால் அவருக்கு ஒலிக்கோப்பை அனுப்பிக் கேட்கச் சொல்லலாம். எந்த இடத்தில் இழுக்க வேண்டும், எங்கே மூச்சு விட வேண்டும் என்று அவர் சொல்வதைத் தாளில் குறித்து, முடிந்தால் அவர் குரலிலேயே ஒருமுறை பாடச் சொல்லிப் பதிந்து அதே கோப்புறையில் சேர்க்க வேண்டும். தாளின் தலைப்பில் பாடலாசிரியர் பெயர், மெட்டமைத்தவர் பெயர், ஆண்டு, சுருதி, தாளம் ஐந்துக்கும் இடம் இருக்கிறது. பல பள்ளிகளில் இந்த ஐந்தில் மூன்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ள இன்னும் ஆள் இருக்கிறார்.