வளர்த்தலும் வாங்கலும்

ஓர் அணிக்கு வேண்டிய வீரனைப் பெறுதற்கு வழிகள் இரண்டு. இளைஞன் ஒருவனைத் தெரிந்தெடுத்துப் பயிற்றி ஆளாக்கிக்கொள்ளுதல் ஒன்று. பிறர் ஆளாக்கிய வீரனைப் பொருள் கொடுத்துப் பெறுதல் மற்றொன்று. இவற்றுள் எது சிறந்தது என்னும் வழக்கு விளையாட்டை விரும்பும் நாடுகள் பலவற்றிலும் நிகழ்கின்றது. நம் கினிகத்தேனைக் கடைவீதியிலும், மழைக்கு ஒதுங்கி நிற்கும் இளைஞர் நடுவே, அட்டன் பேருந்து வருமளவும் இவ்வழக்கு ஓய்வதில்லை. தமிழாசிரியனுக்கு ஆடுகளத்தில் என்ன வேலை என்று வினவுவார் வினவுக. இருதரப்பையும் கேட்டு எடைபோடுதல் இலக்கணம் கற்பிப்பவனுக்குப் புதிய தொழிலன்று. அன்றியும், இவ்வழக்கினுள் நம் மலையக மக்களின் பழைய வினாவொன்று மறைந்து கிடக்கின்றது. அதனை வெளிக்கொணர்தலே இக்கட்டுரையின் நோக்கம்.

வழக்கு எழுந்த இடத்தை முதலில் காண்போம். 2025 டிசெம்பர் 16ஆம் நாள் அபுதாபி நகரில் இந்தியன் பிரிமியர் லீக் ஏலம் நடைபெற்றது. கண்டித் திரித்துவக் கல்லூரியிற் பயின்ற வேகப்பந்து வீச்சாளர் மதீஷ பத்திரணவை, 18 கோடி இந்திய ரூபாவுக்குக் கொல்கத்தா அணி பெற்றது. அவரை விடுவித்த சென்னை அணியோ, நாட்டணிக்கு ஒருமுறையேனும் ஆடாத இளைஞர் இருவரை, ஆளுக்கு 14 கோடியே 20 இலட்சம் கொடுத்து வாங்கிற்று. முதிர்ந்தோரை நம்பும் அணி என்று பெயர்பெற்ற சென்னை இளமையை நாடியது. ‘வளர்த்த பிள்ளையை விற்றுவிட்டனரே’ என்றனர் ஒருசாரார். ‘பந்து வீச்சாளனின் தோள் தேயுமுன் விடுவித்தலே அறிவு’ என்றனர் மற்றொரு சாரார்.

இனி, வளர்ப்போர் கட்சியின் வாதத்தை ஆராய்வாம். வேகப்பந்து வீசுவோன் ஒவ்வொரு பந்துக்கும் தன் உடலை ஈடுவைக்கின்றான். முன்காலை ஊன்றும் கணத்தில், அவன் உடலெடையின் பன்மடங்கு விசை அக்காலிலும் முதுகிலும் இறங்குகின்றது. முழங்கால் தேய்தலும், தொடைத்தசை கிழிதலும், முதுகெலும்பிற் கீற்று முறிவு காணுதலும் அத்தொழிலுக்கு உடன்பிறந்தவை. ஆதலின், அவனுடைய நல்லாண்டுகள் சிலவே. அவையும் இளமையிலேயே அமைவன. அவனைப் புகழ்பெற்றபின் வாங்குவோன், அவன் ஏற்கனவே செலவிட்ட உடலுக்கு விலை கொடுக்கின்றான். இளமையிலே தெரிந்தெடுப்போனோ செலவாகாத உடலைச் சிறுவிலைக்குப் பெறுகின்றான்; எஞ்சிய பொருளைக் கொண்டு ஏனைய இடங்களை நிரப்புகின்றான். இஃது அக்கட்சியின் கொள்கை.

இதற்குப் பத்திரணவே சான்று. 2022இல், காயமுற்ற ஒருவருக்கு மாற்றாக, 20 இலட்சம் ரூபாவுக்குச் சென்னை அணி அவரைச் சேர்த்தது. அவ்வாண்டு மே மாதத்தில் அவர் அவ்வணிக்காக வீசிய முதற்பந்திலேயே விக்கெட் ஒன்று வீழ்ந்தது. அடுத்த ஆண்டு 19 விக்கெட்டுகளை வீழ்த்தினார். சென்னை கோப்பையை வென்றது. 2024இல் ஆறே ஆட்டங்களில் 13 விக்கெட்டுகள். அம்மூன்று பருவங்களிலும் அவர் பெற்ற விலை அதே 20 இலட்சந்தான். 2025ஆம் ஆண்டுப் பருவத்துக்கே 13 கோடி கொடுத்து அவரைத் தக்கவைத்தனர். அப்பருவத்தில் அவர் பந்தில் ஓட்டங்கள் மிகுதியாகச் சென்றன, சென்னை அணி பட்டியலின் அடியில் நின்றது, அவர் விடுவிக்கப்பட்டார். விலை குறைந்திருந்தபோது விளைச்சல் மிக்கது. விலை ஏறியபோது விளைச்சல் குன்றியது. வளர்ப்போர் கட்சிக்கு இதனினும் வேறு சான்று வேண்டுவதில்லை.

வாங்குவோர் கட்சி வாளாவிருக்குமோ? ‘விளையும் பயிர் முளையிலே தெரியும் என்கின்றீர், எல்லா முளையும் எல்லார் கண்ணுக்கும் தெரிவதில்லையே’ என்று அவர் மறுக்கின்றனர். அதற்கும் சான்று உளது. 2008இல் இந்தியன் பிரிமியர் லீக் தொடங்கியபோது, பத்தொன்பது வயதிற்குட்பட்டோரை அணிகள் முறைவைத்துத் தெரிந்தெடுத்தன. டில்லி அணிக்கு முதலுரிமை கிட்டிற்று. தம்மூர் இளைஞராகிய விராட் கோலி பட்டியலில் இருக்கவும், அவ்வணி பிரதீப் சங்வான் என்னும் வேகப்பந்து வீச்சாளரையே தெரிந்தது. பெங்களூர் அணி கோலியைப் பெற்றது. சங்வான் நாட்டணிக்கு உயரவில்லை. கோலியோ அதே அணியில் நிலைத்து நின்று, 2025 ஜூன் 3ஆம் நாள் அவ்வணியின் முதற்கோப்பையைக் கையில் ஏந்தினார். ஆராய்ந்து தெரிவோர்க்கும் கண் பிழைக்கும் என்பது இதனாற் பெறப்படும்.

நம் நாட்டு லங்கா பிரிமியர் லீக் இவ்விரு வழியையும் நடந்து பார்த்தது. 2020இல் அது தொடங்கியபோது வரிசைத் தெரிவு முறையே வழங்கியது. 2023இல் ஏலமுறைக்கு மாறியது. அவ்வாண்டு ஜூன் மாதத்தில் நடந்த முதல் ஏலத்தில் மிகுவிலை பெற்றவர் டில்ஷான் மதுஷங்க என்னும் இடக்கை வேகப்பந்து வீச்சாளர். யாழ்ப்பாண அணி 92,000 டொலர் கொடுத்தது. அவ்வாண்டே உலகக் கிண்ணத்தில் அவர் 21 விக்கெட்டுகளை வீழ்த்தினார். மும்பை அணி 4 கோடியே 60 இலட்சம் ரூபா கொடுத்து அவரை அடுத்த பருவத்துக்கு வாங்கிற்று. 2024 மார்ச்சில் தொடைத்தசை காயமுற, ஒரு பந்தும் வீசாமலே அப்பருவம் அவருக்குக் கழிந்தது. வாங்குவோர்க்கும் உறுதியில்லை என்பதற்கு இஃது எடுத்துக்காட்டு.

இவ்வழக்கின் மூத்த வடிவத்தைக் காண விரும்புவோர் அமெரிக்காவை நோக்குதல் வேண்டும். அந்நாட்டுக் காற்பந்தாட்டம் நாம் ஆடும் காற்பந்தன்று. முட்டைவடிவப் பந்தைக் கையில் ஏந்தி மோதியாடும் ஆட்டம். அதில் ‘ரன்னிங் பேக்’ எனப்படுவோன், பந்தை மார்போடு அணைத்து, எதிரணியினரின் உடற்சுவரைப் பிளந்துகொண்டு ஓடுபவன். ஓடும் ஒவ்வொரு முறையும் அவன்மேற் பலர் வீழ்கின்றனர். வேகப்பந்து வீச்சாளனைப் போலவே அவனுக்கும் நல்லாண்டுகள் சில. அங்கே 1936 முதல் வரிசைத் தெரிவு நடைபெறுகின்றது. முன்னாண்டில் தாழ்ந்து நின்ற அணிக்கு முதலுரிமை. தெரிந்த அணியிலேயே இளைஞன் சில ஆண்டுகள் ஆடுதல் வேண்டும். ஒப்பந்தம் முடிந்த வீரன் தான் விரும்பும் அணியோடு பேசிச் சேரும் உரிமை முழுவடிவில் 1993இல் வந்தது. அவ்வுரிமை எவரும் இரங்கி ஈந்ததன்று. வீரர் நீதிமன்றத்தில் வழக்காடிப் பெற்றது.

அங்கும் சான்றுகள் இருபாலும் நிற்கின்றன. லெவியோன் பெல் என்பவர் பிட்ஸ்பர்க் அணியின் நிபந்தனையை ஏற்க மறுத்து 2018ஆம் ஆண்டுப் பருவம் முழுவதும் ஆடாதிருந்தார்; 2019இல் நியூயோர்க் ஜெட்ஸ் அணியிற் பெருந்தொகைக்குச் சேர்ந்தார்; 2020 ஒக்டோபரில் அவ்வணி அவரை நீக்கிற்று. வாங்குதல் வீண் என்றனர் பலர். ஆயின், சாக்குவான் பார்க்லி என்பவர் 2018இல் நியூயோர்க் ஜயன்ட்ஸ் அணியால் இரண்டாமிடத்திலே தெரியப்பட்டு, ஆறு பருவங்கள் ஆடியபின், 2024இல் தம் விருப்பப்படி பிலடெல்பியா அணியிற் சேர்ந்தார். அவ்வாண்டே 2,005 யார் தூரம் ஓடினார். 2025 பெப்ரவரியில் அவ்வணி வாகை சூடியது. வளர்த்த அணி வாயிலில் நிற்க, வாங்கிய அணி விருந்துண்டது.

இருபாலும் சான்று இருத்தலின் தீர்ப்பு யாது? வரவு செலவுக் கணக்கொன்றையே நோக்கின், வளர்ப்போர் கட்சியே வலியது என்பது என் கருத்து. சுழற்பந்து வீச்சாளரைப் போன்ற நெடுநாள் ஆடுவோரை முதிர்ந்தபின்னும் வாங்கலாம். 2008 ஏலத்தில் சென்னை அணி ஆறு இலட்சம் டொலருக்கு முத்தையா முரளிதரனைப் பெற்றபோது அவருக்கு வயது முப்பத்தைந்து. 2010இல் சென்னை முதற்கோப்பை வென்றபோதும் அவர் அவ்வணியில் இருந்தார். உடலை எரித்து ஆடுவோர் நிலை வேறு. தேயிலைத் தூரைக் கவ்வாத்து வெட்டினால் மீண்டும் தளிர்க்கும். கிழிந்த தசைநார் அவ்வளவு எளிதில் தளிர்ப்பதில்லை. ஆதலின் அத்தகையோரை இளமையிலே தெரிதல் அணிக்கு நன்று.

அணிக்கு நன்று, வீரனுக்கோ? கடைவீதி வழக்கில் இவ்வினா எழுவதேயில்லை. எங்கே மலிவு, எங்கே நட்டம் என்று இளைஞர் அணியின் முதலாளிபோல் நின்று கணக்கிடுகின்றனர். வீரனின் நல்லாண்டுகள் மலிவாகக் கழிதலை அவர் ஊதியம் என்று எழுதுகின்றனர். அவ்வூதியம் யாருடைய உடலிலிருந்து பிறந்தது என்று எண்ணுவதில்லை. மூன்று பருவம் 20 இலட்சத்துக்கு உழைத்த தோள், நான்காம் பருவத்திலே முறிந்திருப்பின், அதன் விளைச்சலை யார் கொண்டார்?

ஏலம் வீரனுக்கு விடுதலை தருகின்றது என்பாரும் உளர். இது நுணுகி நோக்கத்தக்கது. ஏலத்தில் வீரன் தன் அடிப்படை விலையை மட்டுமே குறிக்கின்றான். எவ்வணி என்று குறித்தல் இயலாது. மிகுதியாகக் கேட்டவர் கொண்டு செல்வர். தக்க காரணமின்றி விலகினால் இரண்டாண்டுத் தடையும் உண்டு. 2025இல் இங்கிலாந்து வீரர் ஹரி புரூக் அத்தடைக்கு ஆளானார். எனவே ஏலம் விலையை உயர்த்துகின்றதேயன்றி விருப்பத்தைக் கேட்பதில்லை. அமெரிக்க வீரர் 1993இற் பெற்றது விலையன்று, தெரியும் உரிமை. இவ்விரண்டும் வேறு என்பதை நம் இளைஞர் பகுத்தறிதல் வேண்டும்.

மலையகத்தார்க்கு இவ்வேறுபாடு புதிதன்று. நம் முன்னோர் கங்காணிமாரின் கீழ்க் கடனிற் கட்டுண்டு தோட்டங்களில் வாழ்ந்தனர். ஒரு தோட்டத்தை விட்டு மற்றொன்றிற்குச் செல்ல விரும்பின், அவர்தம் கடன் இவ்வளவு, அதனைச் செலுத்தினால் விடுவிப்போம் என்று எழுதிய சீட்டொன்று வேண்டும். அதற்குத் ‘துண்டு’ என்று பெயர். புதிய தோட்டம் தொகையைச் செலுத்தும், தொழிலாளர் கைமாறுவர், கடன் அவர்களுடனே செல்லும். 1921இல் அம்முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. கோடிகளைப் பெறும் வீரனையும் கடனில் உழன்ற தொழிலாளியையும் ஒரே தட்டில் வைத்தல் பொருந்தாது. அவ்வாறு வைப்பது முன்னோரின் துயரைச் சிறுமைப்படுத்துவதாகும். எனினும், உழைப்பவன் தான் உழைக்குமிடத்தைத் தெரியலாமா என்னும் வினா ஈரிடத்தும் ஒன்றே. துண்டு முறையில் தோட்டங்கள் தமக்குள் கொடுத்த தொகை எவ்வளவு உயர்ந்தாலும், அஃது உழைப்போனின் உரிமையாகவில்லை என்பதை நம் பாட்டனார் அறிவர்.

ஆகவே, என் முடிபு இது. வளர்க்கும் அணி வளர்க்க; இளமையிலே தெரிக. ஆயின், வளர்ந்தவன் விளைச்சல் தரத்தொடங்கிய ஆண்டே அவன் ஊதியம் அதற்கேற்ப உயர்தல் வேண்டும். குறித்த ஆண்டுகள் கழிந்தபின் செல்லுமிடத்தைத் தெரியும் உரிமையும் அவனுக்கு வேண்டும். வளர்த்தமை நன்றிக்கு உரியதேயன்றி உடைமைக்கு உரியதன்று. மாணவனை ஆளாக்கிய ஆசிரியன் அவன் சம்பளத்திற் பங்கு கேட்பதில்லை.

இன்னும் ஒன்று கூறி முடிப்பேன். வரிசைத் தெரிவாயினும் ஏலமாயினும், இரண்டும் பெயர்ப்பட்டியலில் ஏறியோரை மட்டுமே காண்கின்றன. அப்பட்டியலில் ஏறுதற்குத் தோற்பந்தும், செப்பமான ஆடுகளமும், பயிற்றுநரும் உள்ள பள்ளி வேண்டும். முரளிதரனுக்குக் கண்டிப் புனித அந்தோனியார் கல்லூரி இருந்தது. பத்திரணவுக்குத் திரித்துவக் கல்லூரி இருந்தது. லயத்து முற்றத்தில் மென்பந்து வீசும் நம் சிறுவனுக்கு என்ன இருக்கின்றது? சேலம் மாவட்டத்துச் சின்னப்பம்பட்டியிற் பிறந்த நடராஜனின் விலை 2017இல் 3 கோடி, 2018இல் 40 இலட்சம், 2022இல் 4 கோடி என ஏறியும் இறங்கியும் நின்றது. இடையே முழங்காலிற் சத்திரசிகிச்சையும் நேர்ந்தது. அவர் தாம் ஈட்டிய பொருளைக்கொண்டு தம் ஊரிலேயே மைதானம் ஒன்றை அமைத்தார். 2023 ஜூனில் அது திறந்துவைக்கப்பட்டது. வளர்ப்பதா வாங்குவதா என்று வழக்காடும் நம் இளைஞர், கினிகத்தேனையிலிருந்து அட்டன் வரை அத்தகைய மைதானங்கள் எத்தனை உள என்று ஒருமுறை எண்ணிப் பார்ப்பாராக. நிலமே திருத்தாதவர்க்கு நாற்றின் விலையைப் பற்றிய வழக்கு எதற்கு?