ஈன்ற பசுவுக்குக் காற்று ஊதலாமா?

கன்று ஈன்ற மறுநாள் பசு எழுந்திருக்கவில்லை. கழுத்தை வளைத்துத் தலையை விலாவில் சாய்த்துக் கிடக்கிறது, காது சில்லிட்டிருக்கிறது. இதுவே பால் காய்ச்சல். பெயரில்தான் காய்ச்சல், உடம்பில் சூடு குறைந்தே இருக்கும். செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம், அணுபுரம் வட்டாரங்களில் கலப்பினப் பசு வைத்திருப்போர் அறிய வேண்டிய நோய். மூன்றாம் ஈற்றுக்கு மேல், நன்றாகக் கறக்கும் பசுக்களுக்கே பெரும்பாலும் வரும். சுண்ணாம்புச் சத்து சீம்பாலில் இறங்கிவிட, இரத்தத்தில் குறைந்துபோவதே காரணம்.

கண்ணேறு என்று திருநீறு ஊதி மந்திரிப்பவர் உண்டு. திருநீற்றால் கேடில்லை, அதற்காகக் கடத்தும் நேரம்தான் கேடு.

பழைய மருத்துவ நூல்களிலும் ஊதும் வைத்தியம் உண்டு. சித்த மருத்துவத்தின் 32 புற மருந்துகளில் 'ஊதல்' ஒன்று. மேல்நாட்டிலோ பசுவின் மடியிலேயே காற்று ஊதினார்கள். டென்மார்க்கில் ஷ்மிட் என்ற கால்நடை மருத்துவர் 1897இல் மடியில் மருந்து நீர் செலுத்தினார். 1901இல் ஆண்டர்சன் என்பவர் வெறும் காற்றே போதும் என்று கண்டார். அதுவரை நோய் கண்ட பசுக்களில் பாதிக்கு மேல் இறந்துவந்தன. பிறகு பெரும்பாலானவை பிழைத்தன. மடிக்குள் அழுத்தம் ஏறினால் பால் சுரப்பது நிற்கும், சுண்ணாம்புச் சத்து இரத்தத்திலேயே தங்கும். ஆனால் காம்பு வழியே கிருமியும் நுழைந்து மடிநோய் வரும். கால்சியம் ஊசி வந்தபின் இம்முறை வழக்கொழிந்தது. இன்று சைக்கிள் பம்பைத் தேட வேண்டியதில்லை.

ஊதுவதில் இன்னொரு வகை, கொடுமையானது. பால் இறங்கப் பசுவின் பிறப்புறுப்பில் காற்று ஊதும் 'பூக்கா'. கல்கத்தாப் பால்காரர்கள் இப்படிச் செய்வதைப் படித்த வெறுப்பும், காந்தியடிகள் 1912இல் பாலை விட்டதற்கு ஒரு காரணம். 1960ஆம் ஆண்டின் பிராணிவதைத் தடுப்புச் சட்டப்படி இது குற்றம். இரண்டாண்டு வரை சிறையும் உண்டு, மாடும் பறிபோகும்.

பசு படுத்துவிட்டால் 1962 என்ற எண்ணுக்குச் சொல்லிக் கால்நடை மருத்துவரை வரவழைக்க வேண்டும். கால்சியத்தை இரத்தக் குழாயில் மெதுவாகவே ஏற்ற வேண்டும். விரைந்தால் இதயம் நின்றுவிடும். ஆகவே இது கைவைத்தியம் அன்று. அவர் வரும்வரை வைக்கோல் மூட்டை அண்டை கொடுத்துப் பசுவை நெஞ்சின்மேல் அமர்த்தி வைக்கலாம். கஞ்சியோ கஷாயமோ மூங்கில் குழாயால் புகட்டலாகாது. விழுங்க மாட்டாத பசுவுக்கு அது நுரையீரலில் இறங்கிவிடும். சினையின் கடைசி மூன்று வாரங்களில் சுண்ணாம்புச் சத்தை மிகுதியாகக் கொடுப்பதும் தவறு. எலும்பிலிருந்து எடுத்துக்கொள்ளும் பழக்கம் உடம்புக்கு மந்தப்பட்டுவிடும். ஈன்ற அன்றிலிருந்து தாராளமாகக் கொடுக்கலாம்.