எடை மேடை ஏறாத எரிபொருள்

பிளாஸ்டிக் கழிவிலிருந்து டீசல் எடுக்கிறோம், முதலீடு செய்யுங்கள் என்று ஒரு நிறுவனம் வந்தால், தி. நகரிலோ மயிலாப்பூரிலோ ஓய்வுக்காலப் பணத்தைப் பத்திரமாக வைத்திருப்பவர் முதலில் கேட்பது, "உண்மையிலேயே எண்ணெய் வருமா?" என்பதுதான். வரும். பாலித்தீன் எடையில் ஏறத்தாழ 86 சதவீதம் கார்பன், மீதி ஹைட்ரஜன். டீசலின் சேர்க்கையும் கிட்டத்தட்ட அதுவே. காற்றுப் புகாத உலையில் 400, 500 டிகிரி வரை சூடாக்கினால் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகள் அறுந்து ஆவியாகும். ஆவியைக் குளிர்வித்தால் எண்ணெய். டேராடூனிலுள்ள இந்திய பெட்ரோலிய ஆய்வு நிறுவனம், கெயில் நிறுவனத்தின் ஆதரவோடு நாளொன்றுக்கு 1 டன் பிளாஸ்டிக்கை டீசலாக்கும் ஆலையை 2019-இல் நிறுவியது. ஆகவே வேதியியலில் பொய் இல்லை. வேதியியல் மெய்யாக இருப்பதாலேயே, வணிகக் கணக்கையும் மெய் என்று நம்பிவிடுகிறோம். ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

சென்னை அப்பட்டமான எரிபொருள் மோசடி ஒன்றையே பார்த்த ஊர். ராஜபாளையம் பகுதியைச் சேர்ந்த ராமர் பிள்ளை, மூலிகையையும் தண்ணீரையும் உப்பு, எலுமிச்சைச் சாறோடு காய்ச்சிப் பெட்ரோல் எடுப்பதாக 1996-இல் நாட்டையே திரும்பிப் பார்க்க வைத்தார். ஐ.ஐ.டி. மெட்ராஸ் சோதனையில் அவர் கூற்று தேறவில்லை. கிளறும் குச்சிக்குள் பெட்ரோலை நிரப்பி மெழுகால் அடைத்திருந்தார், சூட்டில் மெழுகு உருகியதும் பெட்ரோல் கலந்தது என்பதே வெளிப்பட்ட சூட்சுமம். ஆனால் குச்சியைப் பிடிக்காமலேயே இதைக் கண்டுபிடித்திருக்கலாம். 1 லிட்டர் பெட்ரோலின் எடை சுமார் 740 கிராம். அதில் 630 கிராம் கார்பன். தண்ணீரில் கார்பன் கிடையாது. காய்ந்த இலையில் பாதிக்கும் குறைவுதான். ஒரு துளி வீணாகாவிட்டாலும் 1 லிட்டருக்கு 1.3 கிலோ காய்ந்த மூலிகை வேண்டும். கைப்பிடி இலையில் அது நடக்காது. ஒரு தராசும் பள்ளிக்கூடக் கணக்கும் போதும். அப்படியிருந்தும், ஐ.ஐ.டி. சோதனைக்குப் பிறகு, 1999, 2000 ஆண்டுகளில் அவர் எரிபொருள் சென்னையில் விற்பனையானது. அது டொலுவீன், நாப்தா போன்ற கரைப்பான்களின் கலவை என்றது சி.பி.ஐ. 2016-இல் எழும்பூர் நீதிமன்றம் அவருக்கு 3 ஆண்டு சிறைத் தண்டனை விதித்தது. அந்தக் கலவையில் வண்டி ஓடியது என்பதை மறக்கக் கூடாது. ஆய்வகச் சான்றிதழ், கொடுத்த மாதிரி எரிபொருள்தானா என்று சொல்லும். அது எங்கிருந்து வந்தது என்று சொல்லாது.

பிளாஸ்டிக் நிறுவனத்திடமும் அதே தராசைத்தான் நீட்ட வேண்டும். 1 டன் சுத்தமான பாலித்தீன் முழுக்க எண்ணெயாக மாறினாலும் 1,250 லிட்டருக்கு மேல் வராது. டேராடூன் ஆலைக்குச் சொல்லப்பட்ட அளவு 800 லிட்டர். மீதி வாயுவும் கரியும். 1,250 லிட்டர் என்ற உச்சவரம்பைத் தாண்டிய அளவை எந்த விளம்பரம் சொன்னாலும் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம். அதற்குள் அடங்கும் எண்களைச் சொல்பவர்தான் உண்மையான சோதனைக்கு உரியவர். அவரிடம் எடை மேடை ரசீது, மின் கட்டண ரசீது, உலை இடைவிடாமல் ஓடிய நாட்களின் பதிவேடு, எண்ணெயை வாங்கியவர் கட்டிய ஜி.எஸ்.டி. ரசீது ஆகியவற்றைக் கேட்க வேண்டும். ஒருநாள் செயல்விளக்கம் இவற்றுக்கு ஈடாகாது.

அடுத்து, உள்ளே போவது என்ன? ரங்கநாதன் தெருவில் ஒரு மாலைப்பொழுதில் சேரும் குப்பையைக் கொட்டிப் பாருங்கள். துணிக்கடை உறை பாலித்தீன், உலைக்கு ஏற்றது. தண்ணீர் பாட்டில் பெட் பிளாஸ்டிக். அதன் எடையில் மூன்றிலொரு பங்கு ஆக்சிஜன், சூடாக்கினால் எண்ணெய்க்குப் பதிலாக மெழுகு போன்ற அமிலங்கள் படிந்து குழாயை அடைக்கும். சிப்ஸ் உறையில் அலுமினியப் பூச்சு. பி.வி.சி. துண்டில் 57 சதவீதம் குளோரின். அது ஹைட்ரோகுளோரிக் அமிலமாகி உலையையே அரிக்கும். எல்லாவற்றிலும் சாம்பார் ஈரம். பிரிக்கவும் கழுவவும் உலர்த்தவும் ஆகும் கூலியை நிறுவனத்தின் திட்ட அறிக்கையின் எந்தப் பக்கத்தில் எழுதியிருக்கிறார்கள் என்று தேட வேண்டும். இந்தத் தொழிலில் லாபம் பெரும்பாலும் அந்த இடத்தில்தான் கரைகிறது.

பெரிய முதலீடு இருந்தால் இதைச் சமாளிக்கலாமே என்பார்கள். அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் பிரைட்மார்க் நிறுவனம் 2019-இல் 18.5 கோடி டாலர் பத்திரங்கள் மூலம் திரட்டி, ஆண்டுக்கு 1 லட்சம் டன் திறனுள்ள ஆலை கட்டியது. அந்தத் திறனில் மிகச் சிறு பகுதியையே எட்ட முடிந்து, 2025 மார்ச்சில் திவால் பாதுகாப்பு கோரியது. பிளாஸ்டிக்கை எண்ணெயாக்க முனைந்த நயாகராவின் ஜே.பி.ஐ. நிறுவனத்தின் கதை வேறு மாதிரி. சுமார் 10 லட்சம் டாலருக்கு வாங்கிய விளம்பர வரவுகளை ஏறக்குறைய 1 கோடி டாலர் சொத்தாகக் காட்டியது என்று அமெரிக்கப் பங்குச்சந்தை ஆணையம் 2012-இல் வழக்குத் தொடுத்தது. அங்கே சந்தேகத்துக்கு உள்ளானது உலை அல்ல, பேரேடு.

இப்படித் துருவித் துருவிக் கேட்டால் புதிய முயற்சி எதுவும் முளைக்காது, பெருங்குடிக் குப்பைமேடு மட்டும் வளரும் என்ற ஆட்சேபம் நியாயமானது. 2022 ஏப்ரலில் அந்த மேடு நாள்கணக்கில் எரிந்ததைப் பார்த்தவர்களுக்கு எந்த மாற்றும் நல்லதாகவே தோன்றும். ஆனால் எடை ரசீதுகளைக் கேட்பதால் நல்ல நிறுவனம் நலியாது. ஒழுங்காக ஓடும் ஆலையில் அவை தினமும் மேஜை மேல் கிடப்பவை. போலிகள் பெயரைக் கெடுத்த பிறகு, முறையான ஆலைக்குக் கடன் கேட்டுப் போகும் பொறியாளருக்குத்தான் கதவு அடைபடுகிறது. இன்னொன்றும் உண்டு. இந்த டீசல் கடைசியில் எரிக்கப்படுவதுதான். ஒரு கிலோ எரிந்தால் 3 கிலோவுக்கு மேல் கரியமில வாயு வெளியேறும். குப்பை கண்ணிலிருந்து மறைவதைச் சுற்றுச்சூழல் லாபமாக எழுதும் அறிக்கை, இந்த எடையையும் அதே பக்கத்தில் எழுதியாக வேண்டும்.