கூட்டாகக் குதிரையேறுவோர் பேண வேண்டிய ஒழுக்கமும் பாதுகாப்பும்

குதிரைகளின் நெற்றி ரோமங்களில் மறுமை நாள் வரை நன்மை பிணைக்கப்பட்டிருக்கிறது என்ற கருத்துடைய நபிமொழியை மக்தபில் ஓதும் சிறு பிள்ளைகளும் அறிவார்கள். மூச்சிரைக்க ஓடும் குதிரைகள் மீது சத்தியமிட்டே திருக்குர்ஆனின் ‘அல்ஆதியாத்’ அத்தியாயம் தொடங்குகிறது. எனவே குதிரையேற்றம் என்றாலே நம் உள்ளத்தில் ஓர் ஈர்ப்பு ஏற்படுவது இயல்பு. 2025ஆம் ஆண்டு ஹஜ்ஜுக்காக ஸ்பெயின் முஸ்லிம்கள் மூவர் குதிரையிலேயே பல நாடுகளைக் கடந்து, ஏறத்தாழ 8,000 கிலோமீட்டர் பயணம் செய்து ஸவூதி வந்து சேர்ந்த செய்தியைப் பார்த்து நெகிழாதவர்கள் குறைவு.

இந்த ஈர்ப்பினால் பிரிட்டனிலும் வளைகுடா நாடுகளிலும் வாழும் நம் குடும்பங்களில் சிலர் தம் பிள்ளைகளைக் குதிரையேற்றப் பள்ளிகளுக்கு அனுப்புகிறார்கள். மைதானத்துக்குள் ஓரளவு பழகியதும் பள்ளிகள் பிள்ளைகளை வெளியே அழைத்துச் செல்கின்றன. பத்துப் பன்னிரண்டு பேர் ஒருவர் பின் ஒருவராக வயல்வழியிலும் காட்டுவழியிலும் செல்லும் கூட்டுச் சவாரி அது. மைதானத்தில் ஒருவர் செய்யும் பிழை பெரும்பாலும் அவரையே பாதிக்கும். கூட்டத்தில் ஒருவர் செய்யும் பிழையோ முன்னால் இருப்பவரின் காலையும் பின்னால் வரும் பிள்ளையின் உயிரையும் பாதிக்கக் கூடும். ஆகவே குதிரையேற்றம் நபிவழி என்று சொல்லிக் கொள்ளும் நாம், கூடிச் செல்லும்போது பேண வேண்டிய நபிவழியையும் சேர்த்தே கற்றுக்கொள்ள வேண்டும்.

குதிரையின் இயல்பு

குதிரை கூட்டமாக வாழும் பிராணி. ஆபத்து என்று தோன்றினால் எதிர்த்து நிற்பதைவிட ஓடித் தப்புவதே அதன் இயல்பு. கூட்டத்தில் ஒன்று மிரண்டு ஓடினால் மற்றவையும் காரணம் தெரியாமலேயே ஓடத் தொடங்கும். அதன் கண்கள் தலையின் இரு பக்கங்களிலும் இருப்பதால் ஏறத்தாழ 350 டிகிரி அளவுக்கு அதற்குப் பார்வை உண்டு. ஆனால் வாலுக்கு நேர் பின்னாலும் நெற்றிக்கு மிக அருகில் நேர் எதிரிலும் இருப்பது அதற்குத் தெரியாது. பின்னால் ஏதோ நெருங்குகிறது என்று உணர்ந்தால் உதைத்து விடும். பெரிய குதிரையின் எடை 500 கிலோ அளவில் இருக்கும். அந்த உதை எலும்பை முறிக்கப் போதுமானது.

கூட்டுச் சவாரியின் விதிகள் பெரும்பாலும் இந்த இயல்பிலிருந்தே பிறந்தவை. காரணத்தைப் புரிந்துகொண்டால் பிள்ளைகள் விதியை மறக்க மாட்டார்கள்.

ஓர் அமீரும் ஒரு வேகமும்

மூவர் பயணம் புறப்பட்டாலும் அவர்களில் ஒருவரைத் தலைவராக்கிக் கொள்ளும்படி நபி (ஸல்) அவர்கள் அறிவுறுத்தியுள்ளார்கள் (அபூதாவூத்). கூட்டுச் சவாரியிலும் முன்னால் ஒரு பயிற்சியாளர் செல்வார். இறுதியில் அனுபவமுள்ள மற்றொருவர் வருவார். முன்னவரைத் தாண்டி யாரும் செல்லக் கூடாது. பின்னவருக்குப் பின்னால் யாரும் தங்கி விடக் கூடாது. வேகத்தைக் கூட்டுவதும் குறைப்பதும் முன்னால் செல்பவரின் முடிவு. அவர் கையை உயர்த்தினால் அதைப் பார்த்தவர் தானும் கையை உயர்த்தி, பின்னால் இருப்பவருக்கு வாய்விட்டுச் சொல்ல வேண்டும். ‘பள்ளம்’, ‘கார்’, ‘தாழ்ந்த கிளை’ போன்ற எச்சரிக்கைகள் வரிசையின் கடைசி ஆள் வரை இப்படித்தான் போய்ச் சேரும்.

எந்த வேகத்தில் செல்வது? கூட்டத்தில் யார் மிகவும் பலவீனமானவரோ, அவருக்கு ஏற்ற வேகத்தில். பயணங்களில் நபி (ஸல்) அவர்கள் கூட்டத்துக்குப் பின்னால் தங்கி வருவார்கள். தளர்ந்தவரின் வாகனத்தை ஓட்டிவிடுவார்கள். வாகனமில்லாதவரைத் தமக்குப் பின்னால் ஏற்றிக் கொள்வார்கள். அவர்களுக்காக துஆச் செய்வார்கள் என்று ஜாபிர் (ரலி) அறிவிக்கிறார்கள் (அபூதாவூத்). படைத் தலைவரும் நபியுமான அவர்கள் பின்னால் வந்திருக்க, நேற்றுப் பழகிய நம் பிள்ளை முன்னால் பாய்ந்து செல்வதில் என்ன சிறப்பு இருக்கிறது?

இறுதி ஹஜ்ஜில் அரஃபாவிலிருந்து மக்கள் திரும்பிய காட்சியையும் இங்கே நினைவுகூரலாம். பெரும் கூட்டம், எல்லோரும் வாகனங்களை விரட்டினார்கள். பின்னால் ஒட்டகங்களை அதட்டும், அடிக்கும் சத்தம் கேட்டபோது நபி (ஸல்) அவர்கள் சாட்டையால் சைகை செய்து, நிதானமாகச் செல்லுங்கள், விரைவதில் நன்மை இல்லை என்ற கருத்தில் கூறினார்கள் (புகாரீ). தமது ஒட்டகத்தின் கடிவாளத்தையும் இறுக்கிப் பிடித்திருந்தார்கள். அதே பயணத்தில், நெரிசல் விலகி இடைவெளி கிடைத்த இடத்தில் சற்று வேகமாகச் சென்றார்கள் என்றும் உஸாமா (ரலி) அறிவிக்கிறார்கள். இடத்துக்கும் கூட்டத்துக்கும் ஏற்பவே வேகம் என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் வேண்டியதில்லை.

தகுதி பார்த்துப் பிரிப்பதும் சுன்னத்தில் உள்ளதே. மதீனாவில் குதிரைப் பந்தயம் நடத்தியபோது, பயிற்சியளித்து மெலிய வைக்கப்பட்ட குதிரைகளை ஹஃப்யாவிலிருந்து ஸனிய்யத்துல் வதா வரையும், பயிற்சி பெறாத குதிரைகளை ஸனிய்யத்துல் வதாவிலிருந்து பனூ ஸுரைக் பள்ளிவாசல் வரையும் ஓட வைத்தார்கள். முதல் தொலைவு ஐந்து அல்லது ஆறு மைல், இரண்டாவது ஒரு மைல் என்று அறிவிப்பாளர் ஸுஃப்யான் விளக்குகிறார் (புகாரீ). எனவே, ‘என் மகன் பெரியவர்களோடு போகட்டும்’ என்று பயிற்சியாளரிடம் வற்புறுத்தும் பெற்றோர் சற்று யோசிக்க வேண்டும்.

இடைவெளியும் சிவப்பு நாடாவும்

முன்னால் செல்லும் குதிரைக்கும் நம் குதிரைக்கும் இடையே குறைந்தது ஒரு குதிரையின் நீளம் இடைவெளி வேண்டும். எளிய அளவுகோல் ஒன்று உண்டு: நம் குதிரையின் இரு காதுகளுக்கு இடையே பார்த்தால் முன்குதிரையின் பின்னங்குளம்புகள் தெரிய வேண்டும். தெரியவில்லை என்றால் மிகவும் நெருங்கி விட்டோம் என்று பொருள்.

பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் உதைக்கும் பழக்கமுள்ள குதிரையின் வாலில் சிவப்பு நாடா கட்டுவார்கள். பச்சை நாடா, அது இன்னும் பழகாத குதிரை என்பதற்கு அடையாளம். நாடா கட்டிய குதிரையில் வருபவர் வரிசையின் கடைசியில் வருவதே மரியாதை. நாடா கட்டுவதை அவமானமாக நினைத்து மறைப்பது மற்றவர்களை ஏமாற்றுவதாகும். அதே போல நாடா கட்டியாயிற்று என்று கவனக்குறைவாக இருப்பதும் கூடாது. எந்தக் குதிரையாக இருந்தாலும் காதுகளைப் பின்னால் மடித்து ஒட்ட வைத்துக் கொண்டால் அது கோபத்தில் இருக்கிறது. உடனே விலகிவிட வேண்டும்.

ஒருவரை முந்திச் செல்ல நேர்ந்தால் முதலில் குரல் கொடுத்து அனுமதி பெற வேண்டும். பின்பு போதுமான தூரம் விட்டு நடைவேகத்தில் கடக்க வேண்டும். பக்கத்தில் பாய்ந்து சென்றால் அவருடைய குதிரையும் பாயும். அவர் அதற்குத் தயாராக இல்லாமலிருக்கலாம்.

காத்திருப்பதும் இபாதத்தே

கடைசி ஆள் ஏறி அமர்ந்து, சேணவாரைச் சரிபார்த்து, கடிவாளத்தைக் கையில் எடுக்கும் வரை எவரும் புறப்படக் கூடாது. வழியில் வாயிற்கதவு வந்தால், அதைத் திறந்து மூடுபவர் திரும்பி வரிசையில் சேரும் வரை அனைவரும் நிற்க வேண்டும். ஓடையில் தண்ணீர் காட்டும்போது தன் குதிரை குடித்ததும் கிளம்பி விடக் கூடாது. துணைகள் போவதைக் கண்டால் மற்றக் குதிரைகள் தாகம் தீராமலேயே தலையை உயர்த்தி விடும். வாயில்லாப் பிராணிகளின் விஷயத்தில் அல்லாஹ்வை அஞ்சும்படி நமக்குக் கட்டளை உண்டு. பக்கத்துக் குதிரையின் தாகமும் அதில் அடங்கும்.

நீண்ட தூரச் சவாரிப் போட்டிகளில் இடையிடையே கால்நடை மருத்துவர் குதிரையைப் பரிசோதிப்பார். சர்வதேச விதிகளின்படி அதன் இதயத் துடிப்பு நிமிடத்துக்கு 64 அல்லது அதற்கும் குறைவாக இறங்கினால்தான் தொடர்ந்து செல்ல அனுமதி கிடைக்கும். நம் சாதாரணச் சவாரிக்கு இயந்திரம் தேவையில்லை. மூச்சிரைப்பதையும் வியர்வையையும் பார்த்து இரக்கம் காட்டினால் போதும். திரும்பி வரும்போது கடைசிப் பகுதியை நடையாகவே கடப்பது வழக்கம். வேர்த்துக் கொட்டும் குதிரையை லாயத்தில் விட்டுவிட்டுப் போவது நல்லதல்ல. பயணம் முடிந்து இறங்கியதும் வாகனங்களின் சுமைகளை அவிழ்த்த பின்பே உபரித் தொழுகை தொழுவோம் என்று அனஸ் (ரலி) சொல்லியிருக்கிறார்கள்.

பாதை எல்லோருக்கும் உரியது

வாகனத்தில் செல்பவர் நடந்து செல்பவருக்கு ஸலாம் சொல்ல வேண்டும் என்பது நபிமொழி (புகாரீ). உயரத்தில் இருப்பவருக்குப் பெருமை வந்து விடாதிருக்கவே இந்த ஏற்பாடு என்று அறிஞர்கள் விளக்கியுள்ளனர். நடப்பவர்களையும் சைக்கிளில் வருபவர்களையும் கண்டால் நடைவேகத்துக்குக் குறைத்து, வணக்கமோ நன்றியோ சொல்லிக் கடக்க வேண்டும். பிறர் விளைநிலத்தில் இறங்கக் கூடாது.

பிரிட்டனின் சாலை விதிகளில் 29.01.2022 முதல் நடைமுறைக்கு வந்த மாற்றத்தின்படி, குதிரைகளைக் கடக்கும் வாகனங்கள் மணிக்கு 10 மைலுக்குக் குறைவான வேகத்தில், குறைந்தது 2 மீட்டர் விலகிச் செல்ல வேண்டும். அதே விதிகள் குதிரையேறுவோருக்கும் கடமை சொல்கின்றன: இருவருக்கு மேல் பக்கம் பக்கமாகச் செல்லக் கூடாது, குறுகலான, நெரிசலான சாலைகளிலும் வளைவுகளிலும் ஒற்றை வரிசையாகச் செல்ல வேண்டும். காரை மெதுவாக்கிய ஓட்டுநருக்குக் கையசைத்து நன்றி சொன்னால், அடுத்து வரும் குழுவுக்கும் அவர் மெதுவாக்குவார்.

ஹெல்மெட்டும் தவக்குலும்

‘அல்லாஹ் பாதுகாப்பான், ஹெல்மெட் எதற்கு?’ என்று கேட்பவர்கள் உண்டு. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுப் பிறகு தவக்குல் வை என்ற போதனையை (திர்மிதீ) அவர்கள் மறந்து விடுகிறார்கள். நபி (ஸல்) அவர்களே ஒருமுறை குதிரையிலிருந்து விழுந்து, வலப்பக்கம் சிராய்த்து, உட்கார்ந்து தொழ வைத்தார்கள் என்று புகாரீயில் வருகிறது. இறுதி ஹஜ்ஜில் அரஃபாவில் ஒரு தோழர் தம் வாகனத்திலிருந்து விழுந்து கழுத்து முறிந்து இறந்தார். மறுமையில் தல்பியா சொன்னவராக எழுப்பப்படுவார் என்று நற்செய்தியும் பெற்றார். இஹ்ராமில், அரஃபாவில், நபிக்கு அருகில் இருந்தவருக்கே அது நேர்ந்தது என்றால், எவரும் விதிவிலக்கு இல்லை.

பிரிட்டனில் 14 வயதுக்குட்பட்டவர்கள் சாலையில் குதிரையேறும்போது ஹெல்மெட் அணிவதை 1990ஆம் ஆண்டின் சட்டம் கட்டாயமாக்குகிறது. நாம் வயது பார்க்காமல் அனைவருக்கும் அதைக் கட்டாயமாக்கிக் கொள்வோம். சைக்கிள் ஹெல்மெட் இதற்குப் பயன்படாது. குதிரையேற்றத்துக்கென்றே செய்தது வேண்டும். பலமாக அடிபட்ட ஹெல்மெட்டை, விரிசல் தெரியாவிட்டாலும் மாற்றி விட வேண்டும். சிறு குதிகால் உள்ள காலணி அணிந்தால் பாதம் அங்கவடிக்குள் நழுவிச் சிக்காது. விழுந்தவரைக் குதிரை இழுத்துச் செல்லும் விபத்து பெரும்பாலும் இப்படிச் சிக்குவதால்தான் நிகழ்கிறது.

நம் பெண் பிள்ளைகள் பர்தாவைப் பேணியே குதிரையேறலாம். ஆனால் காற்றில் பறக்கும் ஷாலும் நீண்ட அபாயாவும் சேணத்தில் சிக்கும். பின்னால் வரும் குதிரையையும் மிரள வைக்கும். முழங்கால் வரையுள்ள தளர்ந்த மேலாடை, தளர்ந்த காற்சட்டை, ஊசி குத்தாமல் உள்ளே செருகிய மெல்லிய தலைத்துணி, அதன் மேல் ஹெல்மெட் என்று அமைத்துக் கொண்டால் மார்க்கமும் பாதுகாப்பும் இரண்டும் பேணப்படும்.

யாராவது விழுந்தால்

ஒருவர் விழுந்தால் எல்லோரும் நிற்க வேண்டும். ஓடும் குதிரையை விரட்டிக் கொண்டு போகக் கூடாது. விரட்ட விரட்ட அது இன்னும் வேகமாக ஓடும். மற்றக் குதிரைகள் அமைதியாக நிற்பதைக் கண்டால் அது பெரும்பாலும் திரும்பி வரும். விழுந்தவரின் தலையிலோ கழுத்திலோ அடிபட்டிருக்கலாம் என்றால் அவரை அசைக்காமல், ஹெல்மெட்டைக் கழற்றாமல் உதவியை அழைக்க வேண்டும். கைப்பேசியைச் சேணப் பையில் வைக்காமல் உடம்போடு வைத்துக்கொள்ளச் சொல்வது இதற்காகவே: குதிரை ஓடி விட்டால் கைப்பேசியும் போய் விடும்.

சட்டம் என்ன சொல்கிறது?

தானாகத் திரியும் பிராணி செய்த சேதமும், மேலே ஆள் இருக்கும் பிராணி செய்த சேதமும் ஃபிக்ஹில் ஒன்றாகக் கருதப்படுவதில்லை. ஷாஃபிஈ மத்ஹபில், பிராணியுடன் இருப்பவர் அது கடித்தாலும் மிதித்தாலும் உதைத்தாலும் இழப்பீட்டுக்குப் பொறுப்பாளி. ஹனஃபி மத்ஹபில், மிதிப்பதற்கும் மோதுவதற்கும் அவர் பொறுப்பு. செல்லும்போது பின்காலால் உதைப்பது மட்டும் தவிர்க்க இயலாதது என்பதால் விலக்கு. ஆக, ‘குதிரை செய்ததற்கு நான் என்ன செய்வேன்?’ என்று கையை விரித்து விட முடியாது. இது அடியார்களின் உரிமை. பாதிக்கப்பட்டவர் மன்னிக்காமல் தீராது.

பெருமை எனும் சுமை

குதிரை ஒருவருக்கு நற்கூலி, ஒருவருக்குத் திரை, ஒருவருக்குப் பாவச் சுமை என்று நபி (ஸல்) அவர்கள் மூன்றாகப் பிரித்தார்கள். பெருமைக்காகவும் பிறர் பார்ப்பதற்காகவும் வைத்திருப்பவருக்கே அது சுமை. ஒரு கையில் கைப்பேசியைப் பிடித்துக் காணொளி எடுத்தபடி கூட்டத்தை விட்டுப் பாய்ந்து செல்பவர், தான் எந்த வகையில் சேர்கிறார் என்று தன்னையே கேட்டுக் கொள்ளட்டும். நம் பிள்ளை சவாரி முடிந்து வந்ததும், ‘எவ்வளவு வேகமாகப் போனாய்?’ என்று கேட்பதை விட்டுவிட்டு, ‘உனக்குப் பின்னால் வந்தவர் நலமாக வந்து சேர்ந்தாரா?’ என்று கேட்போம். நாம் எதைக் கேட்கிறோமோ அதையே பிள்ளைகள் பெரிதாக நினைப்பார்கள்.

ஏறி அமர்ந்ததும் ஸுக்ருஃப் அத்தியாயத்தின் 13, 14ஆம் வசனங்களில் உள்ள துஆவை ஓதப் பழக்குவோம். இந்தப் பிராணியை வசப்படுத்த நமக்குச் சக்தி இருக்கவில்லை, அல்லாஹ்வே வசப்படுத்தித் தந்தான், அவனிடமே திரும்பிச் செல்வோம் என்பதே அதன் பொருள். அந்தப் பொருளை உணர்ந்தவர் சேணத்தில் நிதானமாக அமர்வார். தன்னோடு வருபவருக்கும் தன்னைச் சுமப்பதற்கும் தீங்கு செய்ய மாட்டார். வல்ல அல்லாஹ் நம்மையும் நம் பிள்ளைகளையும் அத்தகையோரில் ஆக்கி, எல்லாப் பயணங்களிலும் பாதுகாப்பானாக! ஆமீன்.