நிலாவெளிக் கடலும் நீர்புகாக் கவசமும்

திருகோணமலையில் கோணேசர் மலையின் அடிவாரக் கடலில் 1956ஆம் ஆண்டு மூழ்கிய ஆர்தர் சி. கிளார்க்கும் மைக் வில்சனும், பதினேழாம் நூற்றாண்டிலே போர்த்துக்கேயர் இடித்துத் தள்ளிய புராதன ஆலயத்தின் தூண்களும் செதுக்கிய கற்களும் கடற்றரையிற் சிதறிக் கிடப்பதைக் கண்டு, அவற்றை நிழற்படங்களாகவும் கொண்டுவந்தபோது, கர்ணபரம்பரையாக மட்டுமே கேட்டுவந்த ஒரு விஷயம் சனங்களின் கண்ணுக்கே புலனாயிற்று. சாதாரணக் கமெராவை நீர் புகாத பெட்டியொன்றில் அடைத்தே கடலுக்குள் இறக்கவேண்டியிருந்த காலம் அது. அதற்குச் சரியாக 100 ஆண்டுகளுக்கு முன், 1856இல், இங்கிலாந்தின் வெய்மத் விரிகுடாவில் வில்லியம் தொம்சன் என்பவர் படகிலிருந்து இறக்கிய பெட்டிக்குள் கடல்நீர் புகுந்துவிட, உள்ளேயிருந்த படத்தகடு மாத்திரம் எப்படியோ தப்பியது.

இன்றைக்கு ஓகஸ்ட் விடுமுறை வந்தால், வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் உள்ள குடும்பங்கள், கனடாவிலிருந்தோ லண்டனிலிருந்தோ வந்த உறவினரையும் சேர்த்துக்கொண்டு, கோட்டை நிலையத்தில் இரவு ரயிலேறித் திருகோணமலை சேர்ந்து, நிலாவெளியில் படகு பிடித்துப் புறாத்தீவுக்குப் போகின்றன. தென்மேற்குப் பருவக்காற்றினால் ஹிக்கடுவைக் கடல் கலங்கிக் கிடக்கும் அம்மாதங்களில் கீழைக் கடல் தெளிந்திருக்கும். 2003இல் தேசியப் பூங்காவாக்கப்பட்ட அத்தீவின் ஓரத்தில், முகக்கண்ணாடியும் சுவாசக் குழாயும் அணிந்து மிதப்பவர், இடுப்பளவு நீரிலேயே பவளங்களையும் கருநுனிச் சுறாக்குட்டிகளையும் பார்க்கலாம். கையில், கமெராவைச் சுற்றிய பிளாஸ்ரிக் கவசம் ஒன்று இருக்கும்.

இந்தக் கவசத்தின் உயிர்நிலை, அதன் மூடி விளிம்பிலுள்ள பள்ளத்தில் அமர்ந்திருக்கும் மெல்லிய றப்பர் வளையமே. நீல்ஸ் கிறிஸ்ரென்சன் என்ற டேனிஷ்காரர் அமெரிக்காவில் 1939இல் காப்புரிமை பெற்ற இவ்வளையம், பிரஷர் குக்கரின் மூடியிலுள்ள வளையம் நீராவியைத் தடுப்பதுபோல, இரு பரப்புகளுக்கிடையே நசுங்கி நின்று நீரைத் தடுக்கிறது. நீரின் அழுத்தம் கூடக்கூட அது வளையத்தைப் பள்ளத்தின் ஓரத்தில் மேலும் இறுக்குகிறது என்பதே இதன் சூட்சுமம். ஆழமில்லாத நீரில் ஆபத்தில்லை என்று நினைப்பது தவறு என்பதும் இதிலிருந்தே விளங்கும். 10 மீற்றர் ஆழத்தில் ஒவ்வொரு சதுர சென்ரிமீற்றரிலும் ஏறக்குறைய 1 கிலோ எடையாக அழுத்தும் நீர், 1 மீற்றரில் 100 கிராமளவே அழுத்துவதால், அங்கே வளையத்தை அழுத்த மூடியின் கொளுவியைத் தவிர வேறு துணையில்லை. அந்த நிலையில் ஒரு தலைமயிரோ ஒரு மணற்பருக்கையோ குறுக்கே கிடந்தால் நீர் புகப் போதும்.

ஆகவே கவசத்தைக் கடற்கரையில் திறப்பதும் மூடுவதும் கூடவே கூடாது என்பேன். முதல்நாளிரவு, மின்விசிறியை நிறுத்திய அறையில், கழுவித் துடைத்த கையுடன், ஊசியோ கத்தியோ படாமல் விரலாலேயே வளையத்தைக் கழற்றி, நூல் உதிராத துணியால் அதையும் பள்ளத்தையும் துடைத்து, வெடிப்பு உண்டா என்று விரல்நுனியால் தடவிப் பார்த்து, கவசத்தைச் செய்தவர்களே கொடுக்கும் பசையில் ஒரு துளியை மட்டும் பூசவேண்டும். பசை, வளையம் வழுக்கி அமர்வதற்கானதேயன்றி நீரைத் தடுப்பதற்கானதன்று. அதிகம் பூசினால் மணல்தான் ஒட்டும். வீட்டிலிருக்கும் வசலீன் சிலவகை றப்பரை ஊதிப்போகச் செய்யுமாதலால் அதைத் தொடவே வேண்டாம். பிறகு கமெரா இல்லாமல், உள்ளே ஒரு மெல்லிய காகிதத்தை மட்டும் வைத்து மூடி, வாளித் தண்ணீரில் சற்றுநேரம் அமிழ்த்திப் பார்த்தால், காகிதமே சாட்சி சொல்லிவிடும்.

கரையோரத்தின் ஈரக் காற்றை உள்ளே அடைத்துவிட்டால், குளிர்ந்த நீரில் இறங்கியதும் அது கண்ணாடியில் பனிபோல் படிந்து படத்தைக் கெடுக்கும். குளிரூட்டிய அறையில் மூடுவதும், ஈரமுறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொதியொன்றை உள்ளே வைப்பதும், படகில் வெயில் படாமல் நனைத்த துவாயால் மூடிவைப்பதும் இதற்குப் பரிகாரம்.

கடலிலிருந்து ஏறியதும் உப்பு காய்வதற்குள் கவசத்தை நல்ல தண்ணீரில் ஊறவிட்டு, நீருக்குள்ளேயே பொத்தான்களை ஒவ்வொன்றாக அழுத்தி விடவேண்டும். காய்ந்த உப்பின் பளிங்குகள் பொத்தான்களின் சிறு வளையங்களை அறுக்கும். உள்ளே நீர் தென்பட்டாலோ, தாமதியாமல் மேலே வந்து, கமெராவை நிறுத்தி மின்கலத்தைக் கழற்றுங்கள்: உப்புநீரும் மின்சாரமும் சேர்ந்தால் உலோகம் வெகு விரைவில் அரிக்கப்படும். கமெரா போனாலும், நினைவட்டையை நல்ல தண்ணீரில் அலசிக் காயவைத்தால், அநேகமாகப் படங்கள் தப்பிவிடும். 1998இல் கடல் வெப்பமுற்று ஹிக்கடுவைப் பவளங்கள் வெளிறி மாண்டதை அறிந்தவர்களுக்கு, நேற்றெடுத்த படமும் நாளை ஒரு பவளப் பாரின் சரித்திர ஆதாரமாகலாம் என்பது சொல்லாமலே புரியும்.

ரயில் தண்டவாளத்துக்கு அப்பால் கடலே நிற்கும் வெள்ளவத்தையிலும், துறைமுகக் காற்று வீசும் கொட்டாஞ்சேனையிலும், ஜன்னற் கம்பிகள் துருப்பிடிப்பதை எல்லோரும் அறிவர். அந்தக் காற்றில் கவசத்தை மாதக்கணக்கில் திறந்த அலுமாரியில் விடாமல், சிலிக்கா ஜெல் இட்ட மூடிய டப்பாவில் வைப்பதே உசிதம். நசுங்கியே கிடக்கும் வளையம் தன் உருண்டை வடிவை இழந்துவிடுமாதலால், கொளுவியை மாட்டாமல் விடுங்கள். விமானமேறும் உறவினருக்குக் கவசத்தை இறுக மூடாதிருப்பது இன்னும் அவசியம்: பறக்கும்போது காற்றழுத்தம் குறைந்து கவசத்தினுள்ளிருந்த காற்று கசிந்து வெளியேறினால், தரையிறங்கியபின் வெளிக்காற்று மூடியைத் திறக்கமுடியாதபடி அழுத்திப் பிடித்துக்கொள்ளும். வளையத்தைக் கழற்றிச் சிறு பையிலிட்டுக் கவசத்துடனேயே பயணப்பெட்டியில் வைத்து அனுப்பினால் அத்தொல்லை இல்லை.